12×14 போதவில்லை, 14×16 போதுமானது: நாலு பேர் எல்க் முகாமுக்குக் கூடாரம் அளவெடுத்த விவரம்

அமெரிக்காவின் கொலராடோவில் எல்க் என்னும் பெரிய மானைத் துப்பாக்கியால் வேட்டையாடும் இரண்டாம் ரைபிள் பருவம் அக்டோபர் கடைசியில் வரும். ஃபிளாட் டாப்ஸ் மலைப்பகுதியின் ஓரம், 9,400 அடி உயரம், பிக்கப் வண்டி போகும் மண்பாதை முடிகிற இடம். அங்கே நாலு பேருக்கு ஒன்பது நாள் முகாம். இந்த முறை போட்ட 14×16 அடிக் கித்தான் கூடாரம் ஒன்பது நாளும் ஒழுகவில்லை, தொய்யவில்லை, நனைந்த துணிகள் மறுநாள் காலைக்குள் காய்ந்தன. முந்தைய பருவத்தில் இதே நாலு பேருக்கு 12×14 போட்டோம். அது சரிப்படவில்லை. எங்கே கணக்குத் தப்பியது, பெரிய கூடாரத்தைத் தாங்கும் குழாய்ச் சட்டம் வெட்டும்போது என்ன பிழை நேர்ந்தது, எவ்வளவு செலவானது என்பதையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன்.

நாங்கள் போட்ட சுவர்க் கூடாரம் என்பது அமைப்பில் நம் ஊர் ஓட்டு வீடுதான். நாலு பக்கமும் 5 அடிக்குச் செங்குத்தான கித்தான் சுவர், மேலே இருபுறமும் சாயும் கூரை, உள்ளே ஒரு மூலையில் விறகடுப்பு, கூரையில் அதன் புகைக்குழாய்க்கு ஓர் ஓட்டை. அதனால் ஓட்டு வீட்டுச் சொற்களையே இங்கே பயன்படுத்துகிறேன்: உச்சியில் முகட்டுவளை, சரிந்து இறங்குவது கைமரம், சுவரும் கூரையும் சேரும் விளிம்பு இறவாணம்.

முதல் பிழை: சதுர அடியை நம்பியது

விற்பனைப் பட்டியலில் 12×14 கூடாரத்துக்கு எதிரே 'நான்கு முதல் ஆறு பேர்' என்று போட்டிருந்தது. அது தரையில் படுக்கைப் பைகளை அடுக்கிப் போடுகிற கணக்கு. கட்டில், அடுப்பு, ஈரத்துணி எதுவும் அதில் சேராது. அதையும் யோசித்து நாங்களே ஒரு கணக்குப் போட்டோம். மொத்தத் தரை 168 சதுர அடி. பெரிய மடக்குக் கட்டில் 40 அங்குல அகலம், 80 அங்குல நீளம். ஒன்றுக்கு 22 சதுர அடி. நாலு கட்டிலுக்கு 89. மிச்சம் 79. அடுப்புக்கு 27 கொடுத்தால் இன்னும் 52 சதுர அடி கையில் நிற்கிறது. தாராளம் என்று முடிவு கட்டினோம்.

தப்பு அங்கேதான். கட்டிலை வெட்டி மிச்ச இடத்தில் நிரப்ப முடியாது. பார்க்க வேண்டியது பரப்பை அல்ல, நீள அகலங்களை. கட்டிலை ஒட்டிப் போடவும் கூடாது. இரவில் நாலு பேரின் மூச்சும் ஈரத்துணியின் ஆவியும் கித்தானின் உட்புறத்தில் உறைபனியாகப் படியும். விடியற்காலை அடுப்பு மூட்டியதும் அது உருகி வழியும். படுக்கைப் பையின் நுனி சுவரைத் தொட்டால் ஈரம் அப்படியே பஞ்சுக்குள் ஏறிவிடும். ஆகவே சுவரிலிருந்து 6 அங்குலம் விட்டே கட்டில் போட வேண்டும். நாலு பக்கமும் 6 அங்குலம் கழித்தால் 12×14 என்பது 11×13 ஆகிவிடுகிறது, அங்குலத்தில் 132×156.

கட்டில்களைப் போடத் தோதான முறை ஒன்று உண்டு. மூன்று கட்டில்களின் தலைமாட்டைப் பின்சுவர்ப் பக்கம் வைத்து இணையாகப் போடுவது. நாலாவதை முன்பாதியில் பக்கச்சுவரோடு நீளவாக்கில் போடுவது. எதிர் மூலை அடுப்புக்கு. 132 அங்குலத்தில் மூன்று கட்டிலுக்கு 120 போனால் இடைவெளிகள் இரண்டுக்கும் ஆறாறு அங்குலம்தான். ஒருவர் எழ வேண்டுமென்றால் கால்மாட்டுப் பக்கமாகத்தான் நகர்ந்து இறங்க வேண்டும். அது போகட்டும். 156 அங்குல நீளத்தில் 80 போக முன்பாதியில் மிச்சம் 76. நாலாவது கட்டிலோ 80. நாலு அங்குலம் குறைகிறது.

அந்த நாலு அங்குலம்தான் ஒன்பது நாளையும் கெடுத்தது. கட்டிலை முன்சுவரில் முட்டிப் போட்டதில் படுக்கைப் பையின் கால்பக்கம் தினமும் ஈரம். அதைத் தவிர்க்கப் பின்வரிசையை நகர்த்தினால் அங்கே மூவருக்கும் தலைமாட்டில் ஈரம். நடக்க வழி வேண்டுமென்று அடுப்பைச் சுவர்ப் பக்கம் தள்ளியதில் அடுப்புக்கும் கித்தானுக்கும் 12 அங்குலமே இருந்தது. தீத்தாங்கும் பூச்சு உள்ள துணிதான், ஆனாலும் நாலாம் நாள் அந்த இடம் பழுப்பேறிவிட்டது. அதன்பின் இரவில் அடுப்பை முழு வேகத்தில் எரிக்கவில்லை. எரிக்காததால் துணியும் காயவில்லை. குளிர், ஈரம், இடநெருக்கடி எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அந்த ஒன்றுதான்.

28 அங்குல அகலம், 75 அங்குல நீளம் உள்ள சிறிய கட்டில் போட்டால் 12×14-இல் நாலு பேர் படுக்கலாம். இடைவெளி 24 அங்குலம் வரும். முன்பாதியில் 81 அங்குலம் கிடைப்பதால் நாலாவது கட்டிலும் அடங்கும். ஆனால் அடுப்புக்கும் வாசலுக்கும் போக மேசை போடவோ துணி காயப்போடவோ இடம் மிஞ்சாது. செப்டம்பர் வில்வேட்டைப் பருவத்துக்கு அது போதும். பனிக்காலத்து ரைபிள் முகாமுக்குப் போதாது.

தரையில் கோடு போட்டுப் பார்த்தது

அடுத்த கூடாரம் வாங்குமுன் செய்த உருப்படியான காரியம் இதுதான், செலவும் கிடையாது. கார் நிறுத்தும் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்பு நூலடித்து 12×14, 14×16, 16×20 மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தோம். உள்ளே 6 அங்குலம் தள்ளி இன்னொரு கோடு. பிறகு உண்மையான கட்டில்களை விரித்துப் போட்டு, அடுப்புக்குப் பதில் ஓர் அட்டைப்பெட்டி வைத்தோம்.

அடுப்புக்கு எவ்வளவு இடம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எங்கள் அடுப்பு 24 அங்குல நீளம், 13 அங்குல அகலம். பின்புறமும் பக்கவாட்டிலும் சுவருக்கு 18 அங்குலம். விறகு போடும் வாயின் முன்னால் 24. உட்பக்கம், அதாவது ஆள் நடமாடும் பக்கம் இன்னொரு 24. கூட்டினால் ஏறக்குறைய 4 அடி 7 அங்குலத்துக்கு ஐந்தரை அடி. அட்டைப்பெட்டியோடு சேர்த்து இந்தச் செவ்வகத்தையும் தரையில் வரைய வேண்டும். பெட்டியை மட்டும் வைத்துப் பார்த்தால் எந்தக் கூடாரமும் பெரிதாகத்தான் தெரியும்.

14×16-இல் கழிவு போக உள்ளளவு 156×180 அங்குலம். மூன்று பெரிய கட்டிலுக்கு நடுவே 18 அங்குல இடைவெளிகள் இரண்டு. முன்பாதியில் 100 அங்குலம் மிச்சம், நாலாவது கட்டில் 80 போக 20 இருக்கிறது. அந்த இருபதில் பூட்ஸ்கள் நின்றன. கட்டிலுக்கு எதிர்ப்பக்கம் 116×100 அங்குல இடம் அடுப்புக்கும் வாசலுக்கும் மேசைக்கும். ஒருவர் அடுப்பில் விறகு போடும்போது இன்னொருவர் அவரை இடிக்காமல் வெளியே போக முடிந்தது. அளவு சரியா என்று பார்க்க நாங்கள் வைத்த சோதனையும் அதுதான்.

படுத்துப் பார்த்தால் போதாது, நின்றும் பார்க்க வேண்டும். 5 அடிச் சுவரும், இரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் கூரையும் இருந்தால், 6 அடி ஆள் நிமிர்ந்து நிற்கச் சுவரிலிருந்து 2 அடி உள்ளே வர வேண்டும். ஆக 10 அடி அகலக் கூடாரத்தில் நிமிர்ந்து நடக்க 6 அடி அகலம். 12 அடியில் 8. 14 அடியில் 10. நடக்கும் வழி கட்டில்களுக்கு நடுவே முகட்டுக்கு நேர்கீழே வந்தால் இது உறைக்காது. ஆனால் அடுப்பும் மேசையும் எப்போதும் ஓரத்தில்தான் இருக்கும். சமைப்பவர் நாளெல்லாம் குனிந்தே நிற்பார்.

16×20 ஏன் வேண்டாமென்று விட்டோம்

வரைந்து பார்த்தபோது 16×20 எல்லாருக்கும் பிடித்திருந்தது. விட்டதற்கு நாலு காரணம்.

முதலாவது, சூடேற்ற வேண்டிய காற்று. 12×14-இன் கொள்ளளவு சுமார் 1,090 கன அடி, 14×16-க்கு 1,510, 16×20-க்கு 2,240. கடைசியது முதலதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இரவு வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸுக்கு இறங்குகிற இடத்தில் எங்கள் அடுப்பு 14×16-க்குச் சரியாக இருந்தது. இரண்டாயிரத்துக்கு மேல் போனால் பெரிய அடுப்பு, அதற்கேற்ற குழாய், இன்னும் அதிக விறகு என்று எல்லாம் கூடும்.

இரண்டாவது, இடம். கூடாரத்தின் நாலு பக்கமும் இழுகயிற்றுக்கும் முளைக்கும் ஐந்தைந்து அடி வேண்டும். 14×16-க்கே 24×26 அடிச் சமதளம் தேவை; 16×20-க்கு 26×30. மலைச்சரிவில் அவ்வளவு சமமான இடம் எளிதில் அமையாது. வண்டு அரித்துப் பட்டுப்போன பைன் மரங்கள் அந்தக் காடுகளில் ஏராளம். காற்றடித்தால் சொல்லாமல் கொள்ளாமல் விழும். பட்டமரம் எட்டும் தூரத்துக்குள் கூடாரம் போடக் கூடாது என்ற விதியையும் சேர்த்தால், பெரிய கூடாரத்துக்கு இடம் தேடியே ஒரு நாள் போய்விடும். இந்த விதியை எந்த நிலையிலும் தளர்த்த வேண்டாம். சமதளம் கிடைக்காவிட்டால் சிறிய கூடாரம் போடுவதே மேல்.

மூன்றாவது, வீட்டுக்கு வந்தபின் காயவைப்பது. பெரும்பாலும் கூடாரத்தை ஈரமாகவே மடித்துக் கொண்டுவர வேண்டியிருக்கும். பருத்திக் கித்தானை இரண்டு நாளுக்குமேல் ஈரமாகச் சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். கருப்புப் புள்ளி விழுந்தால் பிறகு போகாது. 14×16-ஐ இரண்டு கார் நிற்கும் கொட்டகைக்குள் கயிறு கட்டித் தொங்கவிட முடிகிறது. 16×20-ஐ முடியாது. நாலாவது எடை. அது கீழே தனியாக வருகிறது.

சொல்லி வாங்கியபோது கவனித்தவை

துணி 10.1 அவுன்ஸ். அதாவது ஒரு சதுர கெஜம் துணியின் எடை. இரட்டைப் புரி நூலில் நெய்து, நீர், பூஞ்சணம், தீ மூன்றுக்கும் பதம் செய்த பருத்தி. 12 அவுன்ஸுக்கு மேல் போனால் ஆயுள் கூடும், தூக்குகிறவர் முதுகு வலிக்கும். அடியில் சுவரோடு தைத்த தரைமடிப்பு ஓர் அடி. அதை உள்பக்கம் மடித்து, மேலே தரைத் தார்ப்பாயைப் போட்டால் காற்று புகாது. தரை தைத்த கூடாரம் வேண்டாம். அடுப்புக் கங்கு விழும், சேறு சேரும், கழுவ வழியில்லை.

குழாய் ஓட்டை எந்தப் பக்கம் என்று ஆர்டரிலேயே சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் கோட்டில் அடுப்பு எந்த மூலையில் நின்றதோ அதற்கு நேர்மேலே. எங்களுக்கு வாசலுக்கு வலப்புறம், முன் மூலை. வாசல் பக்கம் அடுப்பு இருந்தால் விறகு தூக்கி வரும் தூரம் குறைவு, மரத்தூளும் உள்ளே பரவாது. ஆனால் தீப்பிடித்தால் வெளியேறும் வழியும் அதுவே. ஆகவே பின்சுவரில் இன்னொரு ஜிப் வாசல் கட்டாயம். அதற்குக் கூடுதலாக 90 டாலர் கொடுத்தோம். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஓட்டை 5 அங்குலமா 6 அங்குலமா என்பது அடுப்பைப் பொறுத்தது. முதலில் அடுப்பை முடிவு செய்துவிட்டுக் கூடாரத்துக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்து, கேட்கத் தவறிய கேள்வி. கூடாரம் தைப்பவர்கள் சொல்லும் 14×16 பெரும்பாலும் துணியை வெட்டும் அளவு. தையல் மடிப்புக்கு இரண்டு மூன்று அங்குலம் போய்விடும். அதோடு பருத்தி நனைந்தால் சுருங்கும். 'தைத்து முடித்தபின் உள்ளளவு என்ன' என்று கேட்டிருந்தால் அடுத்த பிழை நேர்ந்திருக்காது.

இரண்டாவது பிழை: கூடாரம் வருமுன் குழாயை வெட்டியது

கூடாரம் வந்துசேர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் சட்டத்தை முடித்துவிடலாம் என்று ஒரு அங்குல மின்சாரக் கண்டியூட் பைப் 17 வாங்கினோம். இஎம்டி என்று கேட்டால் கடையில் தருவார்கள். பெயர்தான் ஒரு அங்குலம், வெளிவிட்டம் 1.163 அங்குலம். ஒவ்வொன்றும் 10 அடி. மூலை இணைப்புகள் 12, தனிப் பெட்டியாக விற்கிறார்கள். நாலு சட்டம், ஒவ்வொன்றிலும் இரண்டு கைமரம், இரண்டு கால். சட்டங்களுக்கு நடுவே மூன்று கண், அதாவது இடைவெளி. முகட்டிலும் இரு இறவாணத்திலும் வளைகள் மொத்தம் ஒன்பது.

பட்டியலில் உள்ள 16 அடியை மூன்றாக வகுத்து வளைகளை 64 அங்குலத்துக்கு வெட்டினோம். 10 அடிக் குழாயில் மிச்சம் 56 அங்குலம். அந்த மிச்சத்தையே கால்களாக வைத்துக்கொண்டதால் தனியாகக் குழாய் வாங்க வேண்டியிருக்கவில்லை. கைமரம் 94 அங்குலம்.

கூடாரம் வந்தது. தோட்டத்தில் மரங்களுக்கு நடுவே கயிற்றில் தொங்கவிட்டுக் குழாய்த் தண்ணீரில் முழுக்க நனைத்து, காயவிட்டு, மறுபடி நனைத்துக் காயவிட்டோம். இது சடங்கல்ல. ஊசி போன ஓட்டைகளில் நூல் ஊறிப் பருத்து அடைத்துக்கொள்ளும். முதல் தடவை நனைக்கும்போது தையலோரம் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர் உள்ளே வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை. பிறகு டேப் வைத்து அளந்தால் 13 அடி 8 அங்குலம், 15 அடி 7 அங்குலம். சுவர் உயரம் ஐம்பத்தெட்டரை அங்குலம்.

சட்டத்தின்மேல் போர்த்தினால் முன்வாசல் ஜிப் இரண்டு பக்கமும் சேரவேயில்லை. இழுத்துப் பூட்டினால் ஜிப் தையல் பிய்ந்துவிடும். ஒன்பது வளையிலும் ஒன்றேமுக்கால் அங்குலம் வெட்டி 62¼ ஆக்கினோம். கைமரம் 91 ஆனது. மூன்று கண்ணும் சேர்ந்து 186¾ அங்குலம், துணி 187. அந்தக் கால் அங்குலத் தளர்வு வேண்டும். மழையில் கித்தான் மறுபடி இறுகும்.

நீளமாக இருந்ததை வெட்டிச் சரிசெய்ய முடிந்தது. கால்கள்தான் மாட்டிக்கொண்டன. 56 அங்குலக் குழாய், இணைப்பின் வளைவு ஓர் அங்குலம், ஆக 57. சுவருக்கோ 58½. ஒன்றரை அங்குலம் குறைந்ததால் சுவர் தரையில் மடிந்து கிடந்தது. சேற்றில் கிடக்கும் துணிதான் முதலில் மக்கும். 2×6 என்று விற்கும் பலகையின் உண்மையான கனம் ஒன்றரை அங்குலம். அதை எட்டுத் துண்டு வெட்டி, நடுவில் பள்ளம் தோண்டாமல் வெறும் இரண்டு ஆணி மட்டும் அடித்துக் குழாய் நழுவாமல் நிறுத்தினோம். பள்ளம் தோண்டினால் உயரம் குறைந்துவிடும். இந்தக் கட்டைகள் பனி உருகிய சேற்றில் கால் புதையாமலும் காத்தன. எனவே கால் சரியான நீளமாக இருந்தாலும் அடியில் ஏதேனும் பட்டை வைப்பதே நல்லது. முதலிலேயே 62¼-க்கு வெட்டியிருந்தால் மிச்சம் 57¾, இணைப்போடு 58¾. சுவருக்கு ஏற்ற அளவு தானாகவே அமைந்திருக்கும்.

வெட்ட ஹாக்ஸா பிளேடு வேண்டாம். முதல் மூன்று குழாய் அதில்தான் வெட்டினோம். விளிம்பில் நின்ற பிசிறு கூரைத் துணியில் ஒரு கீறல் போட்டது. சுற்றி வெட்டும் குழாய் கட்டர் 20 டாலர்தான். அதில் வெட்டினாலும் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் அரத்தால் ஒரு சுற்றுத் தேய்த்து, விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் வண்ணப் பட்டை ஒட்டினோம்: வளைக்கு ஆரஞ்சு, கைமரத்துக்கு நீலம், காலுக்கு ஒன்றுமில்லை. இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் போடும்போது இது பெரிய உதவி.

மலையில் போட்டபோது

சட்டத்தைக் கால் இல்லாமல் தரையில் பூட்டி, துணியைப் போர்த்தி, பிறகு ஒரு பக்கமாகத் தூக்கிக் கால்களைச் செருக வேண்டும். மூன்று பேருக்கு 50 நிமிடம். மேலே தார்ப்பாய்: கூரைச் சாய்வு இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 16 அடி, இறவாணத்துக்கு வெளியே ஓர் அடி வீதம் சேர்த்தால் 18. முன்னால் வாசலுக்குக் கொஞ்சம் நிழல் வேண்டும். ஆக 20×20 வாங்கினோம். இதில் நடந்த தவறு, புகைக்குழாயைச் சுற்றி 6 அங்குலமே விட்டு ஓட்டை போட்டது. முதல் இரவே விளிம்பு சுருண்டு உருகியது. இப்போது குழாயைச் சுற்றி ஒன்றரை அடிக்குத் தார்ப்பாயே கிடையாது. அந்த இடத்தில் கித்தானும் தீத்தாங்கும் துண்டும் மட்டும்தான். குழாய் 2 அடித் துண்டு ஐந்து. முகட்டைவிட உயரமாக நிற்க வேண்டும், உச்சியில் பொறிதடுப்பு வலை. கார்பன் மோனாக்சைடு எச்சரிப்புக் கருவி ஒன்றைக் கட்டில் உயரத்தில் மாட்டினோம். கூரையில் இரு முனையிலும் உள்ள காற்றுத் துளைகளை எவ்வளவு குளிரானாலும் மூடவில்லை.

ஐந்தாம் இரவு 11 அங்குலம் ஈரப்பனி விழுந்தது. அடுப்பின் சூட்டில் தார்ப்பாயிலிருந்து தானாகவே சறுக்கி விழுந்துவிட்டது. ஆனால் சறுக்கியதெல்லாம் பக்கச்சுவரின் அடியில் குவிந்து, சுவரை மூன்று அங்குலம் உள்ளே தள்ளியது. கட்டிலுக்கு விட்ட 6 அங்குலம் பாதியாகிவிட்டது. அந்த இடைவெளி ஏன் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் அன்று காலை கிடைத்தது. சுவரோரப் பனியை மண்வெட்டியால் தினமும் தள்ள வேண்டும். துணியிலிருந்து ஓர் அடி விட்டே வெட்ட வேண்டும்.

செலவு: பின்வாசலோடு கூடாரம் 1,480 டாலர், மூலை இணைப்புகள் 220, குழாய் 17-க்கு 290, அடுப்பும் குழாயும் 450, தார்ப்பாய் 85, முளை கயிறு வகையறா 70. மொத்தம் 2,595. பையோடு கூடாரத்தின் எடை 68 பவுண்டு, சட்டம் இணைப்புகளோடு 115.

குதிரையில் போகிறவர்களுக்கு

இந்த எடைக்கணக்கு பிக்கப் வண்டி வரும் முகாமுக்குத்தான். ஃபிளாட் டாப்ஸின் உட்பகுதி 1975 முதல் வனப் பாதுகாப்புப் பகுதி. வண்டியும் கிடையாது, செயின்சாவும் கிடையாது, கைவாள்தான். கோவேறு கழுதையின் இரு பக்கமும் சுமை சமமாக இருக்க வேண்டும், பக்கத்துக்குச் சுமார் 75 பவுண்டு. கூடாரம் ஒரு பக்கத்துக்குச் சரியாகிவிடும். 91 அங்குலக் கைமரங்களை மரங்களுக்கு நடுவே கழுதைமேல் கொண்டுபோக முடியாது, இரண்டு துண்டாக்கி நடுவில் இணைப்புப் போட்டாலொழிய.

அங்கே 12×14-க்கே போகலாம், மூன்று பேரோடு. முன்பாதி முழுதும் காலியாக இருக்கும். 132×76 அங்குலத்தில் அடுப்பும் மேசையும் நன்றாக அடங்கும். சட்டம் கொண்டுபோக வேண்டாம். பட்டுப்போய்க் கீழே கிடக்கிற லாட்ஜ்போல் பைன் கழிகளை எடுத்துக்கொள்ள அந்தக் காட்டுப்பிரிவில் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், முகட்டுக்கு 17 அடியில் ஒன்று, இரு முனையிலும் கத்தரிக்கோல் போலக் கட்டும் 12 அடிக் கழி நாலு, இறவாணத்துக்கு 16 அடியில் இரண்டு, ஆக ஏழு கழி போதும். எங்கள் பழைய 12×14 இப்போது அந்த வேலைக்குப் போகிறது. பழுப்பேறிய இடத்தில் ஒரு கித்தான் ஒட்டு தைத்தாகிவிட்டது.

அடுத்த தடவை மாற்றப்போவது

அளவை மாற்றப்போவதில்லை. நாலு பேர், வண்டிப்பாதை, அடுப்பு என்றால் 14×16. ஐந்தாவது ஆள் வந்தால் பெரிய கூடாரத்துக்குப் போகாமல், சமையலை மட்டும் 8×10 தனிக் கூடாரத்துக்கு மாற்றலாம் என்று இருக்கிறோம். கருங்கரடி நடமாடும் காட்டில் படுக்குமிடத்தில் சாப்பாட்டு வாசனை இல்லாதிருப்பது எப்படியும் நல்லது.

அடுப்புக்குப் பின்னால் ஒரு தகரத் தடுப்பு வைக்க வேண்டும், சுவரிலிருந்து தள்ளி, பின்னால் காற்று ஓடும்படி. சுவர் உயரம் ஐந்தரை அடியாகக் கேட்க வேண்டும். அப்போது 6 அடி ஆள் நிமிர ஓரத்திலிருந்து ஓர் அடி வந்தாலே போதும். நிமிர்ந்து நடக்கும் அகலம் 10 அடியிலிருந்து 12 ஆகும். கால்களுக்கு ஆறு அங்குலம் கூடுதலாக வேண்டும், இப்போதுள்ள 56 அங்குலக் கால் போதாது. அதற்காக எட்டுக் குழாய் புதிதாக வாங்கத் தேவையில்லை. கைமரத்தை முதலில் 94-க்கு வெட்டிய மிச்சம் 26 அங்குலத் துண்டுகள் எட்டு சும்மா கிடக்கின்றன. இரண்டே துண்டை ஆறாறு அங்குலமாக நறுக்கினால் எட்டுக் காலுக்கும் ஆகிவிடும்; காலின் அடியில் திருகு இணைப்புப் போட்டு முடுக்கிக்கொள்ளலாம்.